ஆறு பிரதி வேண்டுமாம்!

பொழுது புலரவில்லை. புதுக்கோட்டையின் ராஜ வீதிகளில் தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. அந்த வேளையிலே கையில் துடைப்பத்துடன் விரைந்து நடக்கும் தாய்மார்களை நீங்கள் கண்டிருப்பீர்கள், தோழர்களே! கண்டும் காணாதவர்போல் போயிருப்பீர்கள். நானும் அப்படிப் போனவன்தான். அவர்கள் வருகைப் பதிவுக்குப் போகிறார்கள். 'மஸ்டர்' என்பது அவர்கள் வாயில் வழங்கும் பெயர். அங்கே மேற்பார்வையாளர் ஒருவர் பேரேட்டுடன் நிற்பார். பெயருக்கு நேரே அவர் குறியிட்டால் அன்று அடுப்பு எரியும், குறியிடாவிட்டால் எரியாது. எந்தத் தெரு எவருக்கு, எந்த வண்டியில் எவர், எவருக்கு விடுப்பு, எவருக்கு 'நாளைக்கு வா' — அத்தனையும் அந்த ஒரு நாவிலே அடங்கிக் கிடக்கிறது.

அந்த நாவிலிருந்து தகாத சொல் ஒன்று புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னார் என்று எவரையும் நான் சுட்டவில்லை. எந்த ஊருக்கும் பொருந்துகிற நிலைமையைச் சொல்கிறேன். சொல்கூட இல்லை, பேரேட்டை நீட்டுகிற கை வேண்டுமென்றே சற்று அதிகமாக நீள்கிறது. அந்த அம்மாள் என்ன செய்வார்? யாரிடம் போவார்?

"அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே!" என்பார்கள், குளிர்ந்த அறையிலே கொலுவிருக்கும் கனவான்கள். ஆம், இருக்கிறது. இல்லையென்று யார் சொன்னது? 2013ஆம் ஆண்டிலே நாடாளுமன்றம் இயற்றிற்று. அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பணியிடத்திலே பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லையைத் தடுப்பதற்கான சட்டம். படிக்கப் படிக்கத் தெவிட்டாது! நகராட்சியும் மாநகராட்சியும் அதற்கு உட்பட்டவை. நிரந்தர உத்தியோகஸ்தர் மட்டுமல்ல; தினக்கூலியும் ஒப்பந்தக் கூலியும் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் அடங்குவர். நான்கு சுவருக்குள் இருப்பது மட்டும் பணியிடமன்று. வேலையின்பொருட்டுச் செல்லுகிற இடமெல்லாம், அங்கே ஏற்றிச் செல்லுகிற வண்டி உட்பட, பணியிடமே. ஆகவே கீழ ராஜ வீதியும் பணியிடம். குப்பை வண்டியும் பணியிடம். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற ஒவ்வோர் அலுவலகத்திலும் உள்ளகப் புகார்க் குழு ஒன்று இருந்தாக வேண்டும். அதற்கு மூத்த பெண் அலுவலர் தலைமை; உறுப்பினரிலே பாதிக்குக் குறையாமல் பெண்கள்; வெளியிலிருந்து ஒருவர். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். குழுவை அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்க வேண்டும்.

சரி, எல்லோர் கண்ணிலும் படும் இடம் எது? கமிஷனர் அறைக்கு வெளியேயுள்ள பலகையா? துடைப்பம் பிடித்தவர் அந்த மாடிப்படியில் ஏறுவது வருஷத்துக்கு எத்தனை முறை? அவருடைய பணியிடம் தெருவென்று சட்டமே ஒப்புக்கொண்ட பிறகு, மஸ்டர் எடுக்கும் இடத்திலன்றோ அந்த அறிவிப்பு தொங்க வேண்டும்?

தொங்கட்டும், அவர் படித்தும் விடட்டும். அடுத்து என்ன? இந்தச் சட்டத்தின்கீழ் செய்யப்பட்ட விதிகளில் 7ஆவது விதியைப் புரட்டுங்கள். புகாரை ஆறு பிரதிகளாகக் கொடுக்க வேண்டுமாம்! ஆதாரப் பத்திரங்களுடன், சாட்சிகளின் பெயர், முகவரியுடன், ஆறு பிரதி! அதுவும் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்திற்குள். தக்க காரணம் காட்டினால் குழு இன்னும் மூன்று மாதம் கொடுக்கலாம். விடியற்காலை இருட்டிலே, சாட்சிக்கு ஒரு தெருநாய் மட்டுமே நின்ற சந்திலே நடந்ததற்குச் சாட்சியின் முகவரி எங்கே கிடைக்கும்? எழுதத் தெரியாதவருக்குக் குழுவினரே எழுத உதவ வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. நியாயமாக அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குழுவில் இருப்பவர் யார் யாரென்று தெரிந்தால்தானே, "அம்மா, எழுதிக் கொடுங்கள்" என்று போய் நிற்க முடியும்!

குழுவே அமைக்காமல் விட்டால்? 50,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது 26ஆவது பிரிவு. கேட்டதும் மகிழ்ந்துவிடாதீர்கள். அதற்கு அடுத்த பிரிவையும் படியுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணே முறையிட்டாலன்றி, அல்லது புகார்க் குழுவின் அதிகாரம் பெற்றவர் முறையிட்டாலன்றி, எந்த நீதிமன்றமும் இக்குற்றத்தை விசாரணைக்கு எடுக்கலாகாதாம்! குழு இல்லை என்பது குற்றம். அந்தக் குற்றத்தைச் சொல்ல, இல்லாத குழு ஒருவருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும்! மாவட்டக் குழு ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது எந்த இலட்சணத்தில் இருந்தது என்பதை உச்சநீதிமன்றமே சொல்லிற்று.

2023 மே மாதத்தில், கோவா வழக்கொன்றிலே, அந்த நீதிமன்றம் ஒரு பத்திரிகைச் செய்தியை எடுத்துக்காட்டியது. தேசிய விளையாட்டுச் சம்மேளனங்கள் 30இல் 16க்கு உரிய குழு இல்லை. பதக்கம் வாங்கிய வீராங்கனைகள் தலைநகரத்து வீதியில் உட்கார்ந்து நியாயம் கேட்ட காலம் அது. பின்னர் 2024 டிசம்பர் 3ஆம் நாள் அதே வழக்கிலே மீண்டும் ஆணை பிறந்தது: மாவட்ட அலுவலரை டிசம்பர் 31க்குள் நியமியுங்கள், மாவட்டக் குழுவை 2025 ஜனவரி 31க்குள் அமையுங்கள் என்று. சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறக்குறைய பதினோராண்டு கழிந்து, 'இனியாவது தொடங்குங்கள்' என்று நாட்டின் தலைமை நீதிமன்றம் நாள் குறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது! வரி கட்டப் பதினொரு நாள் தாமதித்தவனை நகராட்சி விடுமா?

இந்தச் சட்டத்துக்கு மூல காரணம் யாரென்று நினைக்கிறீர்கள்? பெரிய உத்தியோகத்திலிருந்த சீமாட்டி அல்லர். ராஜஸ்தானத்துச் சிற்றூர் ஒன்றிலே சர்க்காரின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்த பன்வாரி தேவி என்னும் எளிய பெண்மணி. குழந்தை மணத்தைத் தடுக்க முனைந்தார். அதுதான் அவருக்கு இடப்பட்ட வேலை. அந்த வேலையைச் செய்ததற்காக 1992இல் அவர் கூட்டாகச் சிதைக்கப்பட்டார். 1995இல் கீழ்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. விசாகா முதலிய மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கிலேதான் 1997 ஆகஸ்ட் 13ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அந்த நெறிகள் சட்டமாக மேலும் பதினாறு ஆண்டுகள்! கடைசிப் படியில் நின்ற ஊழியர் ஒருவரின் கண்ணீரில் விளைந்த சட்டம், கடைசிப் படியில் நிற்பவருக்கே எட்டாமற்போன கொடுமையை என்னென்பது!

கடைசிப் படி கிடக்கட்டும். மேற்படியில் நின்றவரின் கதையைக் கேளுங்கள். 2021 பிப்ரவரியில், நம் தமிழ்நாட்டிலே, காவல்துறைச் சிறப்புத் தலைமை இயக்குநராக இருந்த ராஜேஷ் தாஸ்மீது பெண் காவல் அதிகாரி ஒருவர் பாலியல் தொல்லைப் புகார் கூறினார். அவர் சாதாரணக் காவலர் அல்லர். இந்தியக் காவல் பணியைச் சேர்ந்தவர், ஒரு மாவட்டத்தின் கண்காணிப்பாளர். அவர் ஏவினால் நூற்றுக்கணக்கான காவலர் ஓடுவர். அத்தகையவர் புகார் கொடுக்கச் சென்னை நோக்கிக் காரில் போகையில், செங்கல்பட்டுக்கு அருகே போலீசாரே வழிமறித்தனர்! 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாசுக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2024இல் மாவட்ட நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவர் மேலும் முறையிட்டார். வழிமறித்த கண்காணிப்பாளருக்கு விதித்த தண்டனை என்ன தெரியுமா? 500 ரூபாய் அபராதம்!

தோள்பட்டையிலே நட்சத்திரம் தாங்கியவருக்கே நடு ரோட்டில் இந்த கதியென்றால், தோளிலே குப்பைக் கூடை தாங்கியவர் கதி என்ன?

அவரை வழிமறிக்கப் போலீஸ் படை தேவையில்லை. "ஒப்பந்தக்காரரைப் போய்க் கேள்" என்பார் அதிகாரி. "அதிகாரி என் ஆளா? நகராட்சியைக் கேள்" என்பார் ஒப்பந்தக்காரர். இருவருக்கும் நடுவே ஒரு வாரம் கழிந்தால், எட்டாம் நாள் அவருக்கு ஊர்க் கோடியிலுள்ள வேறு வார்டு கிடைக்கும். புகார் கொடுத்த பெண் எழுத்தால் கேட்டுக்கொண்டால், இருவரில் ஒருவரை இடம் மாற்றலாம் என்கிறது சட்டம். கேட்காமலே மாற்றப்படுவது எப்போதும் பெண்தான்! அப்புறம் சமரசத் தூதர்கள் வருவார்கள். "உனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், பெயர் கெட்டுப்போகும்" என்று ஊர் நியாயம் பேசுவார்கள். சமரசம் என்றால் அந்தப் பெண்ணே கேட்க வேண்டும், அதற்குப் பணம் அடிப்படையாக இருக்கலாகாது என்று எழுதியிருக்கிறதே, அது அவர்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் வாசலுக்கே வந்திருக்கமாட்டார்கள்.

"பொய்ப் புகார் கொடுத்து நல்லவரைக் கெடுத்துவிட்டால்?" என்று ஒரு கேள்வி எப்போதும் எழும். இதைக் கேட்பவருக்கு நான் கோபத்தோடு பதில் சொல்லமாட்டேன். அதற்கும் 14ஆவது பிரிவு இருக்கிறது. தெரிந்தே கெட்ட எண்ணத்துடன் பொய் சொன்னால் நடவடிக்கை உண்டு. ஆனால் நிரூபிக்க முடியாமற் போனதாலேயே புகார் பொய்யாகிவிடாது என்றும் அதே பிரிவு தெளிவாக்குகிறது. முன்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டவர்களே மேடைகளில் அதிகம்.

இது வேறு ஊராக இருந்தால் நான் இத்தனை உரத்த குரலில் பேசமாட்டேன். புதுக்கோட்டை ஆயிற்றே! எதிர்ப்பையெல்லாம் மீறி, மகாராஜா கல்லூரியின் வாயிலை முத்துலட்சுமி ரெட்டி என்ற மாணவிக்குத் திறந்துவிட்ட ஊர். 'பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள்' என்று அன்றும் முணுமுணுத்தவர் உண்டு. அந்த மாணவிதான் பின்னர் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத்தலைவராகித் தேவதாசி முறையின் வேருக்குக் கோடரி வைத்தார். அந்த நாள்கூட வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். கைநாட்டு வைத்த கைகள் கையெழுத்துப் போட்டன. கிராமத்துப் பெண்கள் ஆயிரம் ஆயிரமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசியவன் பேசிக்கொண்டே நிற்க, அவனைக் கடந்து போனார்கள். பாட்டுக்கட்டி, நாடகம் போட்டு, ஊர் ஊராக எழுத்தைக் கொண்டுபோக முடிந்த மாவட்டத்துக்கு, ஒரு சட்டத்தின் பத்து வரிகளை மஸ்டர் களத்துக்குக் கொண்டுபோக முடியாதா?

தொண்டைமான் மன்னரின் புதிய அரண்மனையிலேதான் இன்று கலெக்டர் அலுவலகம் இயங்குகிறது. 1948 மார்ச் 3ஆம் நாளோடு சமஸ்தானம் முடிந்தது. ஆராய்ச்சி மணி அடித்தால் அரசன் வருவான் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். மக்களாட்சியிலே மணி அடிக்க ஆறு பிரதி கேட்கிறார்கள்!

2024இல் நம் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. பெயர்ப்பலகை மாறியது, மகிழ்ச்சிதான். அத்துடன் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளிலே பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் செய்தாகிவிட்டது. ஆனால் 2020இல் கடலூர் மாவட்டத்துத் தெற்குத் திட்டையில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி கூட்டத்திலே தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாடே கண்டது. அது மன்றத்தின் உள்ளே நடந்தது. அரசு ஊழியருக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் உண்டு. எழுத்தர் தவறினால் விளக்கம் கேட்கலாம், பணியிலிருந்து விலக்கி வைக்கலாம். மன்ற உறுப்பினர் அரசு ஊழியர் அல்லர். அவ்விதிகள் அவரைக் கட்டா. மஸ்டர் களத்துக்கு விடியற்காலையில் வந்து 'விசாரிக்கிற' உறுப்பினர் எவரேனும் இருந்தால், அவரை எந்த விதி கட்டும்? எதிர்க்கட்சியாரைப் பார்த்து மட்டும் இதைக் கேட்டால் நான் அரைமனிதன். நம் கொடியை வேட்டிக் கரையிலே அணிந்தவரையும் பார்த்தே கேட்கிறேன்.

ஆகவே மாமன்றத்தின் அடுத்த கூட்டத்திலே உறுப்பினர் ஒருவர் எழுந்து மூன்று விவரம் கேட்கட்டும். புகார்க் குழுவினரின் பெயர்கள் என்ன, அவை எந்தெந்த மஸ்டர் களத்தில் எழுதப்பட்டிருக்கின்றன? ஒப்பந்தத் தொழிலாளியின் புகாரை வாங்கிக்கொள்வது யார்? உறுப்பினர்களுக்கென்று ஒரு நடத்தை நெறியை மன்றமே தீர்மானமாக நிறைவேற்றுமா? கேட்பவர் எக்கட்சியினராயினும், கிடைக்கும் பதிலை இதே பத்தியில், ஒரு சொல் குறையாமல் அச்சிடுகிறோம். பிரதி ஒன்று போதும்.