கோப்பை கிளப்புக்கு, பட்டை நாமம் கடைக்காரனுக்கு!

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கால்பந்து கிளப் 2008-ல் எப்.ஏ. கோப்பையைத் தட்டிச் சென்றது. ஊரே கொண்டாடியது. எல்லாம் வரவுக்கு மீறிய பவிசு!

2010 பிப்ரவரியில் சாயம் வெளுத்தது. கடன் சுமார் 12 கோடி பவுண்டு. கிளப், திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. தண்டனையாக 9 புள்ளி "கட்"! கடைசி இடம், பிரிமியர் லீக்கில் இருந்து "அவுட்"!

அதைவிடக் கொடுமை, கடனைப் பைசல் செய்த விதம். ஆட்டக்காரர்கள், மற்ற கிளப்புகளின் பாக்கி முழுசாகத் தரவேண்டும் என்பது கால்பந்து விதி. உள்ளூர் வியாபாரிகளுக்கோ பவுண்டுக்கு 20 பென்ஸ் என்று பேசி முடித்தார்கள். மைதானத்தில் முதலுதவி செய்த தொண்டு நிறுவனத்துக்கும் பாக்கி!

லட்சம் லட்சமாய் வாங்குகிறவனுக்கு முழுப் பணம். நம்பி சரக்குக் கொடுத்தவனுக்குச் சில்லறையா? என்னய்யா நியாயம் இது?

2013-ல் கிளப்பை மீட்டதும் சொந்தக் காசு போட்ட ரசிகர்கள்தான். முதலில் சின்னக் கடைக்காரன் பாக்கியைத் தீருங்கள். பிறகு உதையுங்கள் பந்தை!