குறைத்தால் அலையுமா ஆப்-ஆம்ப்?

'ஆப்-ஆம்ப் பெருக்கத்தான், சிக்னலைக் குறைத்தால் அலைவு எடுக்கும். இரண்டு மின்தடையில் குறைத்துவிட்டுப் பின்னால் பஃபர் போடுங்கள்' என்கிறார் நண்பர். கணக்கு அவரைக் கைவிடுகிறது.

நிலைத்தன்மையைத் தீர்மானிப்பது சிக்னலின் பெருக்கம் அல்ல, வெளியீட்டில் எவ்வளவு பங்கு உள்ளே திரும்புகிறது என்பதே. தலைகீழ்ச் சுற்றில் உள்ளீட்டுக்கு 100 கிலோ ஓம், பின்னூட்டத்துக்கு 10 கிலோ ஓம்: சிக்னல் பத்தில் ஒன்றாகும். திரும்புவதோ 100/110, அதாவது 91 சதவீதம். நண்பர் பரிந்துரைக்கும் பஃபரில் 100 சதவீதமும் திரும்புகிறது! ஆபத்தென்றால் அதுதான் கூடுதல் ஆபத்து.

1968-இல் வந்த 741, உள்ளேயே 30 பிகோஃபாரட் மின்தேக்கியோடு பஃபரையும் தாங்குகிறது, குறைப்பானையும் தாங்கும். ஐந்து மடங்குக்குக் கீழே நிலைக்காத ஓ.பி.37 போன்றவைதான் விதிவிலக்கு. அங்கும், தலைகீழ் முனையிலிருந்து தரைக்கு 2.4 கிலோ ஓம் போட்டால் போதும். விலையாக இரைச்சலும் ஆஃப்செட்டும் ஐந்து மடங்குக்கு மேல் பெருகும்.

காரைக்கால் என்.ஐ.டி.யின் முதலாண்டு மாணவரும் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். சுற்று அலைந்தால் நீளமான கேபிளின் மின்தேக்கத்தைச் சந்தேகியுங்கள், குறைப்பைப் பழிக்காதீர்கள்.