விற்பது அரசு என்றால் பொறுப்பும் அரசுக்குத்தான்!



கனடாவில் 2018-லேயே கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்துட்டாங்க. நம்ம தமிழர்கள் நிறைய வாழும் ஒன்டாரியோவில் அந்தக் கடைகளுக்கு என்ன விதி தெரியுமா? 19 வயசு ஆகாதவர் கடைக்குள் காலே வைக்க முடியாது. பள்ளிக்கூடத்துக்கு 150 மீட்டருக்குள் கடை கூடாது. 24 மணி நேரமும் கேமரா ஓடணும்.

இங்கே கஞ்சாவுக்குத் தடை. சரிதான். ஆனால் 2003 நவம்பர் முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக். 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாதுன்னு விதி இருக்கு. வயசுக்கு அத்தாட்சி கேட்கிறாங்களா? நகரத்தில் பள்ளி, வழிபாட்டுத் தலத்திலிருந்து 50 மீட்டர், கிராமத்தில் 100 மீட்டர். இவ்வளவுதான் இடைவெளி!

இரவு 10 மணிக்குக் கடையைப் பூட்டி, வசூல் பணத்தோடு நிற்கும் ஊழியருக்கு யார் காவல்?

நாம கேட்பது மூணு:
✅ அடையாள அட்டை பார்த்தே விற்பனை
✅ எல்லாக் கடையிலும் ஓடுகிற கேமரா
✅ கடைக்கே வந்து பணம் வாங்கும் ஏற்பாடு

ஆலந்தலையில் கடலுக்குப் போன அப்பா கரை திரும்புமுன், பள்ளிக்கூடம் போன பிள்ளை மதுக்கடை வாசலில் நிற்கக் கூடாது. அரசே, முதலில் உன் கடையில் உன் சட்டத்தை அமல்படுத்து!

பகிருங்கள் சொந்தங்களே.