அறக்கோட்டம் ஆகுமா சிறைக்கோட்டம்?

பெரியபாளையத்திலிருந்து செங்குன்றம் வழியாகச் சென்னை செல்லும் பேருந்து புழலைக் கடக்கையில், சிறைச்சாலையின் நெடுமதில் நம் கண்ணில் படுகின்றது. ஒரு கணம் நோக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக் கொள்கின்றோம். அம்மதிலுக்குள் வாழ்வோருள் மிகப் பெரும்பாலோர் என்றேனும் ஒருநாள் வெளியே வருவர். நம் தெருவிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் வாயிலிலும் வேலை கேட்டு நிற்பர். அன்று நாம் என்ன விடை தரப்போகின்றோம்?

சிறையைத் திருத்தும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. புகார் நகரச் சிறையில் பசித்துக் கிடந்தோர்க்கு அமுதசுரபியால் உணவளித்த மணிமேகலை, அச்சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு சோழ மன்னனை வேண்டினாள்; மன்னனும் இசைந்தான் என்கின்றது காப்பியம். ஆங்கிலேயர் ஆட்சியிலோ சிறை என்பது ஒறுத்தலுக்குரிய இடமாகவே இருந்தது. 1908இல் தண்டனை பெற்ற வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்த வரலாற்றை அறியாதார் யார்?

இன்று தமிழ்நாட்டுச் சிறைகள் உள்துறையின்கீழ் இயங்குகின்றன. துறையின் பெயரே 'சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை' என்பதாகும். புழலில் இரண்டும், வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் ஒவ்வொன்றுமாக 9 மத்திய சிறைகள் உள்ளன. இவையன்றி, மகளிர் தனிச்சிறைகள், இளைஞர்க்கான பார்ஸ்டல் பள்ளிகள், கிளைச் சிறைகள், திறந்தவெளிச் சிறைகள் ஆகியனவும் உண்டு. 1837 முதல் இயங்கிய சென்னை மத்திய சிறையின் கைதிகள் 2006இல் புழலுக்கு மாற்றப்பட்டனர்.

சிறைக்குள் நடைபெறும் சீர்திருத்தப் பணிகள் போற்றத்தக்கன. நெசவு, தையல், காலணி செய்தல், ரொட்டி தயாரித்தல் முதலிய தொழில்கள் கற்பிக்கப்படுகின்றன. கைதிகள் செய்த பொருள்கள் சிறை அங்காடிகளில் விற்பனையாகின்றன. 2023ஆம் ஆண்டுச் சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்னும் பெயரில் அரங்கமைத்துச் சிறை நூலகங்களுக்கு நூல்கள் திரட்டப்பட்டன. அவ்வாண்டிலேயே புழலில் பெண் கைதிகள் நடத்தும் பெட்ரோல் நிலையமும் தொடங்கப்பெற்றது. நம்பிக்கை வைத்துப் பொறுப்பளித்தால் மனிதர் அதனைக் காப்பர் என்பதற்கு இவை சான்றாகும்.

ஆயின், இப்பணிகள் அனைத்தும் சிறையின் வாயிலோடு முடிந்துவிடுகின்றன. வெளியே வருபவர் கற்ற தொழில் அவர் கையிலே இருக்கின்றது. அதற்குரிய வேலை நம் கையிலன்றோ இருக்கின்றது? 'உள்ளே இருந்தவன்' என்ற ஒரு சொல் கேட்ட அளவில் கதவுகள் சாத்தப்படுகின்றன. இதிலும் பெருங்கொடுமை ஒன்றுண்டு. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பளிக்கப்படாதவர்கள். நீதிமன்றம் தீர்ப்பெழுதும் முன்னரே ஊர் தன் தீர்ப்பை எழுதிவிடுகின்றது.

'துன்புற்றவரை மறந்து துன்புறுத்தியவர்க்கு இரங்குவதா?' எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. கைதிகளின் உழைப்புக்கு நியாயமான ஊதியம் வழங்கவேண்டும் என்றும், அதில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டோர்க்கு ஒதுக்கச் சட்டம் வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1998இல் கூறியது இங்கு எண்ணத்தக்கது. மேலும், வேலையும் மதிப்பும் மறுக்கப்பட்டவர் பழைய வழிக்கே திரும்புவாராயின், மற்றுமொரு குடும்பம் துன்புறும். ஆகவே, திருந்தியவர்க்கு வாழ வழி செய்தல் அப்பாவிகளுக்கும் அரணாகும்.

நம் வட்டாரத்தில் தொழிற்கூடங்களுக்குக் குறைவில்லை. ஆடி மாதத்தில் பெரியபாளையத்தில் நிறையும் கடைகளுக்கும் ஆள் தேவை. ஒவ்வொரு தொழிலதிபரும் தகுதியுள்ள ஒருவர்க்கேனும் வேலையளிக்க முன்வரலாம். தையல் அறிந்தவர்க்கு ஓர் இயந்திரம் வாங்க ஊர்ப் பெரியோர் உதவலாம். மாணவராகிய நாம் படித்து முடித்த நூல்களைச் சிறை நூலகங்களுக்கு அளிக்கலாம். கைதியின் பிள்ளை என்று உடன்பயிலும் எவரையும் இகழாதிருக்கலாம்.

மன்னன் ஆணையிட்டதனால் அன்று சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. இன்று மதிலுக்கு உட்புறத்தை அரசு மாற்ற முற்பட்டுள்ளது. வெளிப்புறத்தை மாற்றவேண்டியவர்கள் நாமே.