அது டியூபா இல்லை சாமி!

மறுபடியும் அந்தப் படம் வந்துடுச்சு. 1930களில் ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோ ராணுவத்தைப் பார்வையிடுகிறார், பக்கத்தில் சக்கர வண்டி மேல ராட்சதக் குழல்கள். கீழே 'போர் டியூபா'ன்னு நக்கல், கூடவே நாலு சிரிப்பான். அனுப்பினவர் நல்லாப் படிச்ச நண்பர் வேற!

ஐயா, அது ஊதுற குழல் இல்லை, கேட்கிற குழல். நம்ம ரெண்டு காதுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான். சத்தம் ஒரு காதுக்குக் கொஞ்சம் முந்தி வருவதை வைத்துத்தான் மூளை திசையைச் சொல்கிறது. குழல்களைச் சில மீட்டர் தள்ளி வைத்தால் அந்த வித்தியாசம் பெருசாகும், திசை இன்னும் துல்லியமாகும். ஒருத்தர் இடம் வலம் பார்ப்பார், இன்னொருத்தர் உயரம் பார்ப்பார். அவங்க சொல்ற பக்கம் தேடுவிளக்கு திரும்பும். 1915-ல் லண்டன் மேல ராத்திரியில் செப்பலின் வந்து குண்டு போட்டப்ப ராடாரா இருந்தது? இருட்டில் காதை விட்டால் வேற என்ன வழி, சொல்லுங்க பார்ப்போம்.

குறை இல்லாமல் இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 10 கிலோமீட்டர் தள்ளி வரும் விமானத்தின் சத்தம் நம்மிடம் வர அரை நிமிஷம். நொடிக்கு 100 மீட்டர் பறக்கிற விமானம் அதற்குள் 3 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். காற்றடிச்சா இன்னும் மோசம். இது அவங்களுக்கும் தெரியும். அதனால்தான் இங்கிலாந்தில் கென்ட் கடற்கரையில், டெஞ்ச் என்ற இடத்தில், 20 அடி, 30 அடி கான்க்ரீட் கிண்ணங்களும் 200 அடி நீள வளைந்த சுவரும் கட்டினார்கள். இன்னும் நிக்குது.

1935 பிப்ரவரி 26-ல் டாவென்ட்ரி பக்கத்தில் ரேடியோ அலையை வைத்து விமானத்தைக் கண்டுபிடித்துக் காட்டியதும் கதை மாறியது. அதே 1935-ல் மால்டாவில் ஒரு 200 அடிச் சுவர்! (ஊர்க்காரங்க அதுக்கு வச்ச பேரு 'காது'.) சிரிக்கணும்னா இதுக்குச் சிரிங்க, ஒத்துக்கிறேன். ஆனா கேட்டதை உடனே ஃபோனில் சொல்லி, வரைபடத்தில் குறித்துப் பழகிய பழக்கம் ராடாருக்கும் உதவியது.

பழங்கதைன்னு நினைச்சா, உக்ரைனைப் பாருங்க. தாழப் பறந்து வரும் டிரோன்களைப் பிடிக்கக் கம்பங்களில் ஆயிரக்கணக்கில் மைக்கும் செல்ஃபோனும் கட்டியிருப்பதாக 2024-ல் செய்தி வந்தது. ராடார் கோட்டை விடுற இடத்தில் திரும்பவும் காதுதான்!

இதையெல்லாம் எழுதி நண்பருக்கு மெயில் போட்டேன். பதிலுக்கு இன்னொரு சிரிப்பான் வந்திருக்கு.