கொட்டியவர் பெயர் என்ன?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

விடுதி நண்பர்களின் அறையில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். இயற்பியல் படிக்கிறவனுக்குச் சோதனை செய்யாமல் எதையும் சொல்ல வராது. 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாடலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு, "இசை யார்?" என்று கேட்டேன். இரண்டு நொடி ஆவதற்குள் பத்துப் பேரும் "இளையராஜா" என்றார்கள். பாடியவர்? எஸ்.பி. பாலசுப்ரமணியம். எழுதியவர்? சற்றே தயங்கி, வாலி. படத்தை எடுத்தவர் பாரதிராஜா, ஆண்டு 1980. எல்லாம் சரியான விடைகள். "டிரம்ஸ் வாசித்தவர் யார்?" என்றேன். அறை அமைதியாகிவிட்டது. "அதெல்லாமா எழுதி வச்சிருப்பாங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்குத்தான்.

அவர் பெயர் புருஷோத்தமன். இளையராஜாவின் இசைக்குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்தவர். பின்னாளில் மேடைக் கச்சேரிகளில் வாத்தியக் குழுவை நடத்துகிறவராகவும் நின்றவர். 'மடை திறந்து' பாடலின் காட்சியில் டிரம்ஸுக்குப் பின்னே அமர்ந்திருப்பவரும் அவரே. திரையில் முகம் தெரிகிறது, காதில் அடி விழுகிறது, பெயர் மட்டும் தெரியவில்லை. இது எவ்வளவு விந்தை!

தோழர்களே, ரசிகர் என்றால் யார்? நடிகருக்குப் பாலாபிஷேகம் செய்பவர் மட்டும்தானா? நம் கொங்கு நாட்டில் வேறொரு வகை ரசிகரும் உண்டு. சோமனூரிலிருந்து காந்திபுரம் வரும் தனியார் பேருந்தில் தினமும் பயணம் செய்யும் நான் அவர்களை நன்கறிவேன். இந்தப் பகுதித் தனியார் பேருந்துகளின் பாட்டுப் பெட்டியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வியந்து பேசுவார்கள். இருக்கைக்கு அடியிலிருந்து டிரம்ஸின் அடி முதுகுத்தண்டில் ஏறும். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் தாழ்ந்த அதிர்வெண்களைச் சரியாக எழுப்ப முடியாது. ஆகவே காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம் அதில் ஏறக்குறையக் காணாமல் போய்விடும். பேருந்தின் பெரிய பெட்டியிலோ அதே பாடலுக்கு அடித்தளம் வந்து சேர்கிறது. சரணத்துக்கு முன்னால் ஓர் உருட்டு வரும்போது, ஓட்டுநர் ஸ்டியரிங்கில் விரலால் அதையே தட்டுவார். நடத்துநர் சில்லறைப் பையைக் குலுக்கி முடித்து வைப்பார். இருவருக்கும் அந்த உருட்டு மனப்பாடம். அதை வாசித்தவர் பெயரைக் கேட்டால் இருவருக்கும் தெரியாது. இதற்கு அவர்கள் பொறுப்பல்லர். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்கள் இருந்தன. அந்நாளில் இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் சொன்னதும் அவற்றைத்தான். இன்று கைபேசியில் பாடல் ஓடும்போதும் பெரும்பாலும் அதே பட்டியல்தான் வருகிறது. இசைத்தட்டு போய் ஒலிநாடா வந்தது, ஒலிநாடா போய்க் குறுந்தகடு வந்தது, அதுவும் போய்விட்டது. வாத்தியக்காரருக்கு மட்டும் இடம் வரவில்லை.

"எழுதியவர் இளையராஜா. எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று தாளில் குறித்துக் கொடுப்பவர் அவர். வாசித்தவருக்கு இதில் என்ன தனிப்பெருமை?" என்று கேட்பவர் உண்டு. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அக்காலத்து ஒலிப்பதிவு எப்படி நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்த காலம் அது. இன்றுபோல் ஒரு பிழையை மட்டும் வெட்டி ஒட்டும் வசதி இல்லை. ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவருக்கு இரு கைக்கும் இரு காலுக்கும் தனித்தனி வேலை. வலக்கை தட்டில், இடக்கை ஸ்நேரில், வலக்கால் பெரிய டிரம்மில், இடக்கால் ஹை-ஹாட்டில். வயலின்காரர் இமையளவு பிந்தினால் கூட்டத்தில் அது மறைந்துவிடும். டிரம்ஸ்காரர் பிந்தினால் பாட்டே பிந்திவிடும். எங்கள் அப்பா விசைத்தறியில் நிற்பவர். ஒரே நேரத்தில் பல தறிகளைப் பார்ப்பார். ஒன்றின் சத்தம் சற்றே மாறினாலும், திரும்பிப் பார்க்காமலே எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று சொல்வார். நெய்யப் போகும் சேலையின் டிசைனை வேறொருவர்தான் வரைந்து கொடுத்திருப்பார். அதனால் அப்பாவின் வேலையில் திறமை இல்லை என்று ஆகிவிடுமா?

2020 மே மாதத்தில் புருஷோத்தமன் காலமானார். ஊரடங்குக் காலம். ரசிகர்கள் வீட்டில் இருந்தபடியே 'மடை திறந்து' காட்சித் துண்டைக் கைபேசியில் பகிர்ந்துகொண்டார்கள். "இவர்தானா அவர்!" என்று பலர் அன்றுதான் முகத்தோடு பெயரைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று அந்தப் பாடலைப் பாடிய எஸ்.பி.பி. மறைந்தார். நாடே அழுதது. அரசு மரியாதையோடு அவரை அடக்கம் செய்தார்கள். அது முற்றிலும் பொருத்தமே. ஒரு சொட்டுக் கண்ணீரும் கூடுதல் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே பாடலில் குரல் கொடுத்தவரும் கொட்டு கொடுத்தவரும் ஒரே ஆண்டில் போனார்கள். ஒருவரை நாம் இழந்தோம் என்று அறிந்திருந்தோம், மற்றவரை இழந்த பிறகுதான் அவர் இருந்தார் என்றே அறிந்தோம். என் குறை இதுதான்.

மேலைநாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். அங்கே இரண்டு கதைகள் உண்டு. பீட்டில்ஸ் குழு உலகப் புகழ் பெறுவதற்குச் சற்று முன்பு, 1962 ஆகஸ்டில், தங்கள் டிரம்ஸ்காரர் பீட் பெஸ்ட்டை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்துக்கொண்டது. லிவர்பூல் ரசிகர்கள் கொதித்தார்கள். கேவர்ன் அரங்கத்துக் கைகலப்பில் ஜார்ஜ் ஹாரிசனின் கண்ணே வீங்கிப்போனது. அடிதடியை நான் ஆதரிக்கவில்லை (பேராசிரியப் பெருமக்கள் கவனிக்க!). ஆனால் பின்னால் உட்கார்ந்து கொட்டுகிறவருக்காகக் கோபப்பட ஓர் ஊர் இருந்தது அல்லவா? 1995ல் குழுவின் பழைய பதிவுகள் தொகுப்பாக வெளிவந்தபோது, பெஸ்ட் வாசித்தவையும் அதில் இடம்பெற்றன. முப்பத்து மூன்று ஆண்டு கழித்து அவருக்குப் பணம் வந்தது. எந்தப் பதிவில் யார் வாசித்தார் என்பது தெரிந்திருந்ததால் வந்தது.

மற்றது கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் கதை. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். 1969ல் பதிவான 'ஃபங்கி டிரம்மர்' என்னும் பாட்டில் நடுவே சில நொடிகள் அவர் தனியே வாசிக்கிறார். பின்னாளில் ராப் இசைக்காரர்கள் அந்தச் சில நொடிகளை வெட்டியெடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் ஒட்டிக்கொண்டார்கள். பாட்டின் பெயரே டிரம்ஸ்காரரைத்தான் குறிக்கிறது. ஆயினும் ஆக்கியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லாததால் அவருக்கு உரிமைத்தொகை கிடைக்கவில்லை. 2017ல் இறந்துபோனார்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று நூலகத்தில் தேடிப் பார்த்தேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போதுதான் கலை நிகழ்த்துவோருக்கென்று உரிமை வந்தது. நடிகர், பாடகர், வாத்தியக்காரர் மட்டுமல்ல, கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட அதில் உண்டு. படித்ததும் மகிழ்ந்தேன். ஆனால் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு துணை விதி இருக்கிறது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படாமலும் இருந்தால், அவருக்கு ஓரிரு பாதுகாப்பு நீங்கலாக, நிகழ்த்துவோர் என்ற தகுதியே கிடையாதாம். டிரம்ஸ் வாசிப்பது துணையான பங்கா, முதன்மையான பங்கா என்று வழக்கறிஞர்கள் வாதிடட்டும். எனக்கு விளங்கியது ஒன்று: பெயர் போடாத வழக்கம் ஒருவரின் உரிமையை எடைபோடும் தராசில் ஒரு கல்லாக இருக்கிறது. பெயர் என்பது வெறும் பெருமைக்கான பொருளன்று.

இதில் அவசரமும் இருக்கிறது. டிரம்ஸ் இயந்திரமும் கணினியும் வந்தபின் ஒலிப்பதிவுக் கூடங்களில் டிரம்ஸ்காரரின் நாற்காலி ஒவ்வொன்றாகக் காலியானது. இன்று செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் அரை நிமிடத்தில் தாளம் போட்டுக் கொடுக்கிறது. பாடகரின் குரலை இயந்திரம் திருடினால் ஊரே கேட்கிறது, ஏனென்றால் அது இன்னாருடைய குரல் என்று ஊருக்குத் தெரியும். பெயரில்லாதவரின் கைவண்ணம் களவு போனால் யார் வழக்குத் தொடுப்பார்?

சினிமாவை விட்டு நம் ஊருக்கு வருவோம். கொங்கு நாட்டுக்குக் கொட்டு புதிதல்ல. மாரியம்மன் நோன்பு சாட்டிக் கம்பம் நட்டால், இரவெல்லாம் கம்பத்தைச் சுற்றி ஆடுவோம். துடும்பு முழங்கினால் படுத்த கிழவரும் எழுந்து உட்காருவார். ஆனால் அந்தத் தோலைத் தொட்டவர்களை இதே ஊர்கள் தொடாமல் தள்ளி நிறுத்தின. கொட்டுவதைக் கலையென்று கருதாமல், இன்ன சாதியில் பிறந்தவரின் கடமை என்று வைத்திருந்தன. இன்று கோவையில் படித்த இளைஞர்களும் பெண்களும் பறையும் துடும்பும் விரும்பிக் கற்கிறார்கள். மகிழ்ச்சிதான். எங்கள் பெரியப்பா கற்காமலே அடிப்பவர். அதாவது, எப்போது கற்றார் என்று அவருக்கே நினைவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்து ஊர் நோன்பு நோட்டீஸை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பந்தல் உபயம், மைக்செட் உபயம், வாணவேடிக்கை உபயம், நீர்மோர் உபயம் என்று எழுபத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தவருக்கும் ஒரு வரி. துடும்புக் குழுவுக்கு "மேளதாளத்துடன்" என்று ஒரே சொல். பெரியப்பாவிடம் காட்டினேன். "பேரு போட்டா அடி இன்னும் நல்லாக் கேக்குமா கண்ணு?" என்றார். "கேக்காதுங்க பெரியப்பா" என்றேன். "அப்பறமென்ன?" என்று சிரித்துவிட்டு, தோலைத் தீயில் காய்ச்சப் போய்விட்டார். அவருக்கு அது போதும். கல்லூரியில் படிக்கும் எனக்குப் போதவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதல் கல்லூரிக்கு வந்தவன் நான். ஒரு நோட்டீஸைப் படித்து, அதில் யார் இல்லை என்று கேட்பதற்குக்கூட இந்தப் படிப்பு உதவவில்லை என்றால் வேறு எதற்கு?

எங்கள் துறையில் இந்தப் பண்பு இருக்கிறது. மிருதங்கம், தபலா ஆகியவற்றின் நடுவே பூசும் கருஞ்சாந்துதான் அவற்றின் நாதத்துக்குக் காரணம் என்று சர் சி.வி. ராமன் ஆராய்ந்தார். சாதாரணத் தோல் வட்டத்தின் மேலதிர்வுகள் முழு எண் மடங்கில் அமைவதில்லை, அதனால் டிரம்மில் சுருதி தெளிவாக எழுவதில்லை. கருஞ்சாந்தின் எடை அந்த அதிர்வுகளை ஒழுங்குபடுத்துகிறது. 1920ல் 'நேச்சர்' இதழில் இது வெளியானபோது ராமனோடு சிவகாலி குமார் என்பவரின் பெயரும் சேர்ந்தே அச்சாயிற்று. நூறாண்டு கழித்தும் அந்தப் பெயர் எனக்குத் தெரிகிறது. ராமனின் புகழ் அதனால் இம்மியளவும் குறையவில்லை. இளையராஜாவின் புகழும் குறையாது.

ஆகவே நம் கல்லூரி நாள் விழாக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழக்கமாக நம் இன்னிசைக் குழுவில் பாடுகிறவர்களின் பெயரை மட்டும் அழைப்பிதழில் போட்டு, கீழே "மற்றும் குழுவினர்" என்று முடிப்பார்கள். இந்த ஆண்டு கீபோர்டு, கிடார், தபலா, டிரம்ஸ் வாசிக்கும் நால்வர் பெயரும் வாத்தியத்தின் பெயரோடு வர வேண்டும். மேடையிலும் பாடல் தொடங்கும் முன் அறிவிக்க வேண்டும். வரவேற்பில் துடும்பு முழங்கினால், அந்தக் குழுவினரிடம் கேட்டு ஒவ்வொருவர் பெயரையும் எழுத வேண்டும். இடம் போதாது என்றார்கள். விருந்தினர்களின் பட்டங்களில் இரண்டு வரி சுருக்கினால் போதும் என்று பதில் சொன்னேன். முடிவு இன்னும் தெரியவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் மூன்றாம் ஆண்டு வணிகவியல் அண்ணன் மட்டும் நேற்று என்னைத் தேடி வந்து, தம் பெயருக்கு முன்னால் அப்பா, அம்மா இருவரின் முதலெழுத்தும் வர வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.