அத்தா கடையில், பிள்ளை யார் பிடியில்?

 

ஒருவன் ஓசியில் சரக்கைக் கொட்டினால் அவனுடைய லாபம் வேறெங்கோ இருக்கிறது என்பதைக் கடைத்தெருவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தால்கூட ‘ஏன் குறைக்கிறான்?’ என்று துருவித் துருவிக் கேட்பவர்கள் நீங்கள். ஆனால் 2025-ல் என்ன நடந்தது? ஏர்டெல் பெர்ப்ளெக்சிட்டியை ஒரு வருடம் இலவசம் என்றது. ஜியோ கூகுளின் ஜெமினியை 18 மாதம் இலவசம் என்றது. சாட்ஜிபிடியோ தன் ‘கோ’ திட்டத்தை நவம்பர் முதல் இந்தியர்களுக்கு ஒரு வருடம் இலவசம் என்றது. ஒரு கேள்வியாவது கேட்டீர்களா? வாட்ஸ்அப்பைத் திறந்தாலே கண்ணில் படுகிறதே ஒரு வண்ண வளையம், அந்த மெட்டா ஏஐ 2024 ஜூனிலேயே உங்கள் கைபேசிக்குள் குடியேறிவிட்டது. நீங்கள் கல்லாவில் இருக்கும் நேரத்தில் உங்கள் பிள்ளை அதனிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறான்!

இந்த விஷயத்தில் நம் சமுதாயத்தில் இரண்டு கூட்டம். ஒரு கூட்டம் விஷயம் என்னவென்று விசாரிக்காமலேயே ‘ஹராம்’ என்கிறது. ஒலிபெருக்கி கூடுமா கூடாதா என்று ஒரு காலத்தில் நம் ஆலிம்கள் பக்கம் பக்கமாகச் சர்ச்சை செய்தார்கள். இன்று பாங்கு எதில் சொல்கிறோம்? புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. 2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பிலேயே செயற்கை நுண்ணறிவுப் பாடம் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் அறிவித்திருக்கிறது. வில்லியனூரிலும் பாகூரிலும் படிக்கும் நம் பிள்ளை மட்டும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா?

இன்னொரு கூட்டம், ‘என் பையன் கெட்டிக்காரன், நமக்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரியும்’ என்று கைபேசியைக் கொடுத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கிறது. முதல் கூட்டத்தைவிட இந்தக் கூட்டத்தைக் கண்டுதான் எனக்கு அச்சம். ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது யாருக்கு? கைபேசிக் கம்பெனிக்கா?

ஸனது இல்லாத அறிவிப்பாளன்

இந்த எந்திரம் என்ன செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். அதற்கு உண்மை, பொய் தெரியாது. கோடிக்கணக்கான பக்கங்களை விழுங்கி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது வழக்கமோ அதைக் கணக்குப் போட்டு அடுக்குகிறது. அதனால் சரியாகச் சொல்லும்போதும் தவறாகச் சொல்லும்போதும் அதன் குரல் ஒன்றுதான். கேட்டால் ஹதீஸும் சொல்லும், எண்ணும் சொல்லும். அந்த எண்ணில் போய்ப் பார்த்தால் வேறு ஹதீஸ் இருக்கும், அல்லது அப்படி ஒரு ஹதீஸே இருக்காது.

யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா என்று ஆராய்ந்து ஆராய்ந்தே மார்க்கத்தைக் காப்பாற்றிய சமுதாயம் நாம். இமாம் புகாரி (ரஹ்) போன்றோர் ஊர் ஊராகப் பயணம் செய்தது எதற்காக? திருக்குர்ஆன் 49:6 தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. ஆளே இல்லாத எந்திரம் கொண்டுவரும் செய்தியை எத்தனை மடங்கு விசாரிக்க வேண்டும்! ‘இதை எந்தப் புத்தகத்தில் பார்த்தாய், அந்தப் பக்கத்தைக் காட்டு’ என்று பிள்ளையிடம் கேட்டுப் பழகுங்கள். பள்ளிப் பாடமானாலும் இதே கேள்விதான். எந்திரம் எழுதிய கட்டுரையைத் தன் பெயரில் கொடுக்கும் மாணவனுக்கும் தராசுக்கு அடியில் காந்தம் வைப்பவனுக்கும் என்ன வித்தியாசம்?

மனசைத் திறந்து பேசும் ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 16 வயதுச் சிறுவன் ஒருவன், தன் வேதனையையெல்லாம் மாதக்கணக்கில் சாட்ஜிபிடியிடம் கொட்டிவந்து, 2025 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டான். பெற்றோர் ஆகஸ்டில் வழக்குத் தொடர்ந்தார்கள். செப்டம்பரில் அந்த நிறுவனம் பெற்றோர் கண்காணிப்பு வசதியைக் கொண்டுவந்தது. நம் வீட்டிலும் பையன் அத்தாவிடம் ஐந்து நிமிடம் பேச இரவு பதினொரு மணி வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. எந்திரமோ எந்த நேரமும் தயார். அவன் யாரிடம் போவான்?

நம் பையன் செய்தால்?

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். பரவாயில்லை.

2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’, 2022 ஜனவரி முதல் நாள் ‘புல்லி பாய்’. நம் சகோதரிகளின் படங்களைத் திருடி, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ‘ஏலம்’ என்று போட்டார்கள். கொதித்தோம். கொதித்தது சரிதான். ஆனால் புல்லி பாய் வழக்கில் முதலில் கைதானவர்கள் யார் என்று கவனித்தீர்களா? 21 வயதுப் பொறியியல் மாணவன், 18 வயதுப் பெண். இரவில் அறைக்குள் கைபேசியோடு உட்கார்ந்திருந்த ‘கெட்டிக்காரப் பிள்ளைகள்’!

அன்று அதற்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் அறிவு தேவைப்பட்டது. இன்று அதுவும் வேண்டாம். ஒரு பெண்ணின் சாதாரணப் படத்தைக் கொடுத்தால் ஆடையை நீக்கிப் பொய்ப்படம் செய்துதரும் எந்திரங்கள் வந்துவிட்டன. 2023 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டின் அல்மென்ட்ராலெஹோ என்ற சிற்றூரில் 20-க்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு இது நடந்தது. சிலருக்கு வயது 11. செய்தவர்கள் அதே ஊர்ப் பையன்கள்! 2024-ல் 15 சிறுவர்களுக்கு நீதிமன்றம் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. 2026 ஜனவரியில் எக்ஸ் தளத்தின் ‘குரோக்’ எந்திரம் கேட்டவர்க்கெல்லாம் பெண்களின் ஆடையைக் குறைத்துப் படம் போட்டுக் கொடுத்த அசிங்கம் உலகுக்கே தெரிந்தது. ஹிஜாப் அணிந்த சகோதரிகளும் தப்பவில்லை. இந்தோனேசியாவும் மலேசியாவும் அதைத் தற்காலிகமாகத் தடை செய்தன. நமது மத்திய அரசும் நோட்டீஸ் அனுப்பியது.

நாளை வில்லியனூரில் ஒரு பெண் பிள்ளைக்கு இது நடந்தால் நாம் என்ன செய்வோம்? எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவளிடமிருந்து கைபேசியைப் பிடுங்குவோம். ‘படிப்பு போதும்’ என்போம். அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்போம். படம் செய்தவனோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பான். இது ஈமானா, கோழைத்தனமா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு சுமத்தப்பட்டபோது இறைவன் யாரைக் கண்டித்தான்? 24-வது அத்தியாயத்தின் 11 முதல் 20 வரை உள்ள வசனங்களை எடுத்துப் பாருங்கள். கேட்ட மாத்திரத்திலேயே இது பச்சைப் பொய் என்று ஏன் சொல்லவில்லை என்று, காதில் வாங்கி நாவால் பரப்பியவர்களைத்தான் கண்டிக்கிறான். படத்தை வாங்கி இன்னொருவனுக்குத் தட்டிவிடும் விரலும் அந்த நாவுதான். புல்லி பாய்க்குக் கொதித்த நாம், பக்கத்துத் தெரு இந்துச் சகோதரியின் படத்தை நம் வீட்டுப் பையன் இப்படிச் செய்தால் ‘சின்னப் பையன், விளையாட்டு’ என்று ஜமாஅத்தில் பஞ்சாயத்துப் பேசி மூடப் பார்ப்போமா? அப்படியானால் அன்று நாம் கேட்டது நீதியல்ல, வெறும் சாதிக்கணக்கு!

சட்டமும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் உண்டு. போக்சோ சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தப்படி, 18 வயதுக்குட்பட்டவரைக் காட்டும் கம்ப்யூட்டர் உருவாக்கிய ஆபாசப் படமும் குற்றமே. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், அத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ‘ஆதாரம்’ என்று சொல்லி அந்தப் படத்தை ஜமாஅத் செயலாளருக்கு அனுப்பாதீர்கள், நிர்வாகிகள் குழுவில் போடாதீர்கள். அனுப்பிய எண், பெயர், நேரம் இவற்றைக் குறித்துக்கொண்டு, படம் வந்த கைபேசியுடன் நேராகக் காவல் நிலையம் போங்கள். சைபர் குற்றங்களுக்கு 1930, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. முதலில் அந்தப் பெண் பிள்ளையிடம், ‘உன் மேல் எங்களுக்குச் சந்தேகம் இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வீட்டில் என்ன செய்வது? 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு சாட்ஜிபிடி கூடாது என்பது அந்த நிறுவனமே போட்ட விதி. 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். அதை நீங்கள் வாசித்துக்கூடப் பார்க்காமல் பையனே ‘சம்மதம்’ என்று அழுத்திக்கொள்கிறான். அவனுக்குத் தனிக் கணக்கு வைத்து, அதை உங்கள் கணக்கோடு இணையுங்கள். கைபேசி படுக்கையறைக்குள் போக வேண்டாம், கூடத்தில் இருக்கட்டும். வீட்டு முகவரி, ஆதார், கடையின் வங்கி விவரம், உம்மாவின் படம், தங்கையின் படம் எதையும் எந்திரத்திடம் கொடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள். காரணம் சொல்லாத கட்டளையை இந்தத் தலைமுறை மதிப்பதில்லை. உங்களுக்கு அந்த எந்திரம் தெரியாது என்றால் வெட்கப்படாதீர்கள். பையனையே சொல்லித் தரச் சொல்லுங்கள். அவன் சொல்லித் தரும் அந்த அரைமணி நேரத்தில் அவன் என்னென்ன கேட்கிறான் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முத்தவல்லிகளுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மக்தபில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். நம் சமுதாயத்தில் கம்ப்யூட்டர் படித்த இளைஞர்கள் வில்லியனூரிலும் பாகூரிலும் இல்லாமல் இல்லை, அவர்களை அழையுங்கள். ஆண் பிள்ளைகளை முதல் வரிசையில் உட்கார வையுங்கள், அவர்களுக்குத்தான் முதல் பாடம். அத்தாமார்கள் அன்று ஒரு மணி நேரம் கடையைச் சாத்திவிட்டு, பையன் பயன்படுத்தும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.